கடவு அடைக்கும் வேளை

இந்தப் பஞ்சாப் எல்லை வெயிலுக்குச் சொரணையே கிடையாது என்று நினைத்துக்கொண்டான் ஹவில்தார் இருளப்பன். உச்சிப்பொழுது சாய்ந்தும் முதுகில் உறைக்கவில்லை. பழையசோற்று நீத்தண்ணி மாதிரி வெளுத்துப்போய்க் கரும்புத் தோட்டத்தின் மேல் சும்மா கிடக்கிறது. கமுதிப் பக்கம் இந்நேரத்துக்கு இப்படி வெட்டவெளியில் உட்கார்ந்தால், மார்கழியானாலும் சரி, மண்டை பிளந்துவிடும். இங்கே என்னடாவென்றால் கம்பளிச் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பெட்டியில் இருந்தவை நேற்றே மண்ணுக்குள் போய்விட்டன. வலது பக்கம் கண்ணுக்கெட்டின தூரம் முள்கம்பி, இடது பக்கமும் முள்கம்பி, கம்பிக்கு அப்பால் உழுத நிலத்தில் அவனும் அவன் ஆட்களும் முதுகொடியப் புதைத்த கண்ணிவெடிகள். நடுவில் இந்த ஒரு இடத்தை மட்டும் புதைக்காமல் விட்டிருந்தார்கள். லாரி போகிற அகலம், வழியில் இரண்டு மடக்கு வளைவு, இரு ஓரமும் வெள்ளை நாடா. ராணுவத்தில் இதற்கு வேறு பெயர். அவன் ஊர்ப்பக்கம் முள்வேலியில் ஆள் நுழைய விடும் சந்துக்குக் கடவு என்று பெயர்; அவன் வாயிலிருந்து அது செக்‌ஷன் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. வங்காளத்துக்காரரான கேப்டன் சன்யால்கூட வயர்லெஸ்ஸில் 'கொடவு' என்றுதான் கத்துகிறார். முன்னால் போயிருக்கும் நம் காவல்படை எதிரியைக் கொஞ்சம் சீண்டி, கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு இந்தக் கடவு வழியாகத்தான் திரும்பி வரும். கடைசி ஆள் உள்ளே வந்ததும் இதையும் புதைத்து அடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் இன்றைய வேலை. கண்ணி புதைப்பதும் எடுப்பதுமே தொழிலான சாப்பர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. அப்படியிருந்தும் காலையிலிருந்து இருளப்பன் வேலையைவிடக் கரும்பைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த சர்தார் இன்னும் வரவில்லை. ஜங்கீர் சிங். காலையில் பனி விலகாத நேரத்தில் கால்வாய்க் கரைமேல் நடந்து வந்தான், தோளில் ஒரு கயிற்றுச் சுருள், தலைப்பாகைக்கு மேலேயும் ஒரு துண்டு. ஊரையே காலிசெய்து டிராக்டர் டிரெய்லர்களில் ஏற்றி அனுப்பின பிறகு இவன் எங்கிருந்து முளைத்தான் என்று ஜெபமணி துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். சாப்பர் ஜெபமணி நாசரேத்துக்காரன், வாய்க்குக் கதவு இல்லாதவன், கையும் அப்படித்தான். இருளப்பன்தான் குழலைக் கீழே தட்டிவிட்டு என்ன ஏது என்று கேட்டான். அவன் பேசியது பஞ்சாபி, இவன் பேசியது பட்டாளத்து இந்தி; இரண்டும் முட்டிமோதிக் கடைசியில் விஷயம் பிடிபட்டது. அந்தப் பக்கம் கிணற்றடியில் ஒரு எருமை நிற்கிறது. டிரெய்லரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது, நிறைசினை, அவசரத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. பேர் பூரி. "பூரியா? கிழங்கை எங்க வச்சிட்டு வந்தாரு, கேளுங்க அண்ணாச்சி" என்றான் ஜெபமணி. சர்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் இருளப்பன் இடம் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. தேநீர் கொடுத்தான். "போ. ஆனா சீக்கிரம் வந்துரு. எங்க ஆளுங்க திரும்பி வந்துட்டா இதை மூடிருவேன், அப்புறம் உனக்காகத் திறக்க முடியாது" என்று சொன்னான். சர்தார் தம்ளரை நிலத்தில் வைத்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற குரலில், "மூடு பாயீ, மூடு. இது என் நிலம்தான், நீ அங்கே சொருகியிருக்கிற குச்சிவரைக்கும்" என்று சொல்லிவிட்டு நாடாவுக்கு நடுவில் நடந்து போனான். முதல் மடக்கு வரை தலைப்பாகை தெரிந்தது, பிறகு கரும்புக்குள் மறைந்துவிட்டது.

இவன் நிலம். விதைப்பதற்காக உழுது போட்ட நிலம், மண் பஞ்சு மாதிரி கிடந்தது, மண்வெட்டிக்கே வேலை இல்லை. அடடா என்ன மண் என்று புதைக்கும்போதே எல்லோரும் பாராட்டினார்கள். யாருடைய மண் என்று ஒருத்தனும் கேட்கவில்லை, அவனும்தான் கேட்கவில்லை. வெளியே யார் போனாலும் கேப்டனிடம் சொல்லியாக வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. சொல்லியிருக்கலாம். சொன்னால் போகவேண்டாம் என்றிருப்பார், அத்தோடு தீர்ந்திருக்கும், சர்தார் கரைமேல் உட்கார்ந்து எருமையை நினைத்து அழுதிருப்பான், அழுகிறவன் உயிரோடுதானே இருப்பான். இப்போது அவன் வெளியே இருப்பது இருளப்பனுக்கும் ஜெபமணிக்கும் மட்டும் தெரியும். கடைசி ஆள் வந்து எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று சொன்ன நிமிஷத்தில், ராணுவத்தின் கணக்கில் வெளியே இருப்பவன் எல்லாம் எதிரி. ஆனால் பெரிய கண்ணி ஆளை ஒன்றும் செய்யாதல்லவா என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியது. கண்ணிவெடியில் இரண்டு ஜாதி. பெரிசு டாங்கிக்கு, சாப்பாட்டுத் தட்டு அகலம், ஆள் ஏறி நின்று பல் தேய்த்தாலும் அதற்கு உறைக்காது, அதற்கு வண்டி கனம் வேண்டும். சின்னது ஆளுக்கு, கைக்குள் அடங்கும், ஒரு பிள்ளை மிதித்தாலும் போதும். கடவில் இரண்டையும் கலந்துதான் போடவேண்டும். பெரிசை மட்டும் போட்டுவிட்டுச் சின்னதைப் போடாமல் விட்டால்? சர்தார் கைவீசி நடந்து வந்துவிடலாம். அவன் மட்டுமா வருவான்? பெரிசுக்குச் சின்னதுதான் காவல். காவல் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துச் சாப்பர்கள் இருட்டில் ஊர்ந்து வந்து கடலைச்செடி பிடுங்குகிற மாதிரி பெரிசை எல்லாம் பிடுங்கி வைத்துவிடுவார்கள், விடியும்போது டாங்கி கரைமேல் நிற்கும், கரைக்குப் பின்னால் ஜெபமணி நிற்பான், ஜெபமணி மாதிரி இன்னும் எத்தனையோ பேர். ச்சீ, என்ன நினைப்பு இது என்று இருளப்பன் எழுந்து நின்றான், பிறகு திரும்பவும் அதே பெட்டிமேல் உட்கார்ந்தான்.

ஆனால் தடை என்றால் என்ன? மறிப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வந்து சேர்ந்த புதிதில் அவனும் அப்படித்தான் நினைத்தான். மறிக்கிற தடை உலகத்தில் கிடையாது. கம்பியை வெட்டலாம், பள்ளத்தைத் தூர்க்கலாம், கண்ணியை எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் நேரம்தான் வேண்டும். தடை செய்வதெல்லாம் அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொள்வது, அப்புறம் வருகிறவனைத் திருப்பிவிடுவது. இந்தப் பக்கம் கஷ்டம், அந்தப் பக்கம் பரவாயில்லை என்று அவனையே நினைக்கவைக்க வேண்டும். அவன் தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினால், அங்கே நம் பீரங்கி குழலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அதனால் கம்பி அடிக்கிறதற்கு முன்னால் அந்தக் கோடிக்குப் போய் எதிரியாக நின்று இந்தப் பக்கம் பார்க்கவேண்டும். இருளப்பன் எத்தனையோ நாள் எதிரியாக நின்றிருக்கிறான். அது ஒரு வியாதி, பழகிவிட்டால் விடாது. மதுரை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினால் கூட்டத்தை எந்த மூட்டையை எங்கே போட்டுத் திருப்பலாம் என்றுதான் பார்க்கிறான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பெஞ்சுகளை இழுத்துப்போடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் இந்தக் கலையில் அவனைவிடக் கெட்டிக்காரி வீட்டில் இருக்கிறாள். போன லீவில் அவன் பொண்டாட்டி சின்னப்பேச்சி, பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போடவில்லை. அவன் வாசலுக்குப் போனால் அங்கே பிள்ளையின் கிழிந்த செருப்பு கிடந்தது, தைத்துக் கொண்டுவரச் சொன்னாள். கொல்லைக்குப் போனால் கூரை ஒழுகின இடத்தைக் காட்டினாள். படுத்தால் பக்கத்துவீட்டில் ஆண்பிள்ளை இருக்கிற சத்தம் கேட்கிறது என்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வேலை, ஒரு குறை, லீவு முடிகிற சமயத்தில் அவனே வாயைத் திறந்து, அடுத்த வருஷம் வந்துவிடுகிறேன் பேச்சி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவள் குழலை நீட்டிக்கொண்டு காத்திருந்த இடத்துக்கே நேராக வந்து நின்றிருக்கிறான். ரயிலில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தான், பக்கத்தில் இருந்தவர் பெட்டியைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம். இந்தச் சண்டை முடிந்தால்தானே அடுத்த வருஷம். தூரத்தில் பீரங்கி உறுமியது, யாரோ மச்சில் கட்டிலை இழுக்கிற சத்தம் மாதிரி. ஜெபமணி நாடாக் குச்சியை ஆட்டிக்கொண்டு ஒரு வேதக்கோயில் பாட்டை முனகினான். இன்று இரவு கடவின் அந்தக் கோடிக்கு ஒருத்தன் வருவான் என்று இருளப்பனுக்குத் திண்ணமாகத் தெரிந்தது. அவனைப்போலவே ஒரு ஹவில்தார், அந்தப் பக்கத்துக்காரன், வயிற்றால் ஊர்ந்து, கையில் ஒரு மெல்லிய கம்பி, மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு. அவனுக்கும் முட்டி வலிக்கும். அவன் வீட்டிலும் ஒருத்தி கூரையைக் காட்டியிருப்பாள். அவன் முகம் தெரியாது, ஆனால் அவன் எப்படி நினைப்பான் என்பது இருளப்பனுக்குத் தன் பொண்டாட்டி எப்படி நினைப்பாள் என்பதைவிட நன்றாகத் தெரியும், அவனாக நின்று பார்ப்பதுதானே இத்தனை வருஷத்துச் சம்பாத்தியம். பயமாக இருந்தது. குண்டை நினைத்து இல்லை, புதைக்கிற தன் கையை நினைத்து. கூட இருந்த சூசை தான் புதைத்ததைத் தானே எடுக்கப்போய்க் காலை இழந்தான். எங்கே வைத்தோம் என்பது மறக்கவில்லையாம், மழையில் மண் நகர்ந்துவிட்டதாம். புதைத்தவனிடம் கண்ணிக்கு விசுவாசம் கிடையாது. அதற்கு யார் என்றே தெரியாது, மிதிப்பவன் சர்தாரா சூசையா எருமையா என்று அது கேட்காது. எருமை. நிறைசினை எருமை எவ்வளவு கனம் இருக்கும்? அந்தக் குளம்பு பெரிசின்மேல் பட்டால்? படாது என்று சொல்ல முடியாது. அப்படியென்றால் பெரிசை மட்டும் போட்டாலும் ஜங்கீர் சிங் நடந்து வரலாம், அவன் எருமை வர முடியாது. அந்த நினைப்பை அதற்குமேல் ஓடவிடாமல் வெள்ளை நாடாவின் ஓரமாகக் கண்ணை ஓட்டினான், முதல் மடக்கு, இரண்டாவது மடக்கு, கரும்பு. ஒருத்தரும் வரவில்லை.

பிறகு ஜீப்புகள் வந்தன. காவல்படை திரும்புகிறது. ஒவ்வொரு கூட்டமாகக் கடவுக்குள் நுழைந்து மடங்கி மடங்கி வந்தார்கள், முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளையாக. ஒரு ஜீப்பில் ஒருத்தன் படுத்திருந்தான், கம்பளியை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் தலைவனிடமும் இருளப்பன் ஒரே கேள்வியைக் கேட்டான்: உனக்குப் பின்னால் யார்? அவர்கள் பேர் சொன்னார்கள். இது சாப்பர்களின் வழக்கம், கடவை அடைக்கிறவன் தன் காதால் கேட்டாக வேண்டும். கடைசியாக ஒரு ஜாட் சுபேதார் வந்தார், ஜீப்பில் ஏறாமல் நடந்தே வந்தார், மீசையில் புழுதி அப்பியிருந்தது. "உங்களுக்குப் பின்னால் யார்?" "எனக்குப் பின்னால் எவனும் இல்லை. எவனாவது வந்தால் சுடு." அவ்வளவுதான், சொல்லவேண்டிய வார்த்தை சொல்லியாயிற்று. இருளப்பன் அவர் பின்னாலேயே இரண்டடி போனான். "சாப், வழியில் ஒரு சர்தாரைப் பார்த்தீர்களா? எருமையோடு?" சுபேதார் நின்று திரும்பினார். "கிணற்றடியில் ஒருத்தன். எருமை வாய்க்கால் சேற்றில் சிக்கியிருக்கிறது, அவன் அதன் காலடியில் கரும்புச் சோகையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான். வா என்று கத்தினேன். வருகிறேன் என்று கையைக் காட்டினான்." அவர் அதற்குமேல் நிற்கவில்லை. வருகிறேன் என்று கையைக் காட்டியிருக்கிறான். எருமையை விட்டு வரமாட்டான், அந்தக் கை காட்டினதற்கு அதுதான் பொருள், இருளப்பனுக்கு அது நேரில் பார்த்த மாதிரி தெரிந்தது.

கேப்டன் சன்யால் கரைமேலிருந்து சரிந்து இறங்கி வந்தார். தமிழை அவருக்குக் கற்றுக்கொடுத்தது திருநெல்வேலிப் பையன்கள், அதனால் யாரைக் கண்டாலும் 'லே' போட்டுவிடுவார், மேஜரைக்கூட ஒருநாள் போட்டுவிட்டார். "என்னலே இருளப்பன், கடைசி ஆள் வந்துட்டான்லா? கொடவு அடை." இருளப்பன் விறைத்து நின்றான். சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னாலும் அடைக்கத்தான் போகிறோம், சொல்வதால் சர்தாருக்கு என்ன லாபம், தனக்கு நட்டம்தான். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் பேசிவிட்டது. "சார், ஒரு ஆள் வெளியே இருக்கான். காலையில நான்தான் விட்டேன். உங்ககிட்ட சொல்லலை." "நம்ம ஆளா?" "இந்த ஊர்க்காரன். இந்த நிலம் அவனுதுதான் சார்." கேப்டன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான், கோபப்பட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கரும்பைப் பார்த்தார். இருபத்துச் சொச்சம் வயசு, மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. கரும்புக்கு அப்பால் வானத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு எழும்பியிருந்தது, அது மேகம் இல்லை, புழுதி. "அடைக்கிறதை என்னால நிறுத்த முடியாதுலே" என்றார், குரல் இறங்கியிருந்தது. "அடை. பெரிசு, சின்னது, ரெண்டும். நான் பக்கத்துக் கொடவுக்குப் போறேன், அங்கே கம்பி தீர்ந்துபோச்சு." இரண்டடி போனவர் திரும்பி, "நீ சொன்னதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசிக்கலாம் என்றால் கையிலிருக்கும் ஹவில்தார் ஸ்டிரைப் போகும். போகட்டும், சின்னப்பேச்சிக்குச் சந்தோஷம்.

பெரிசை முதலில் போடுவதுதான் முறை. குழி எடுத்து, கண்ணிகளை ஓரத்தில் தயாராக அடுக்கி வைத்திருந்தது, தூக்கி இறக்கி, மேலே வெடித்திரியைப் பொருத்தி, மண்ணை மூடி, அடுத்தது. மூளைக்கு வேலையில்லை, கை தன்பாட்டுக்குச் செய்தது, கண் மட்டும் கரும்பிலேயே நின்றது. ஜெபமணி பாட்டை நிறுத்திவிட்டான். பெரிசு தீர்ந்து, சின்னதுகள் இருந்த பெட்டியை இருளப்பன் இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்கிற நேரத்தில் இரண்டாவது மடக்குக்கு அப்பால் சோகை சலசலத்தது. தலைப்பாகை. அதற்குப் பின்னால் கயிறு. கயிற்றின் கோடியில், வயிறுவரை கறுப்புச் சேறு பூசிக்கொண்டு, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத நடையில் பூரி. இருளப்பன் சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினான், அடுத்த நொடியே எருமையின் குளம்பைப் பார்த்தான். "நில்லு!" என்று கத்தினான், "அங்கேயே நில்லு! கயித்தை விட்டுட்டு நீ மட்டும் வா! உனக்கு ஒண்ணும் ஆகாது, வா!" ஜங்கீர் சிங் நின்றான். புதிதாக மூடின மண்ணைப் பார்த்தான், புரிந்துகொண்டான். எருமையைப் பார்த்தான். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். திமிருக்குச் செய்யவில்லை, கெஞ்சவும் இல்லை, வீட்டுக்கதவு பூட்டியிருந்தால் சாவி வரும்வரை நிற்கிறவன் மாதிரி நின்றான். இத்தனை வருஷத்தில் இருளப்பன் எதிரியாக நின்று எதிரியாக நினைத்து எத்தனையோ தடை போட்டிருக்கிறான். எல்லா எதிரியும் உயிருக்குப் பயந்தவன், பயந்து திரும்புகிறவன். எருமையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நிற்கிறவனுக்கு என்ன தடை போடுவது, எந்தப் பக்கம் திருப்புவது?

புழுதிக்கோடு தடித்திருந்தது. உறுமல் இப்போது காதால் இல்லை, பாதத்தால் கேட்டது. "அண்ணாச்சி, வேண்டாம்" என்றான் ஜெபமணி, ஏனென்றால் இருளப்பன் எழுந்து கடவுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தான். பெரிசுக்கும் பெரிசுக்கும் நடுவில் இடம் இருக்கிறது, டாங்கிச் சக்கரம்தான் தப்ப முடியாது, எருமை தப்பலாம், போட்டவன் முன்னால் போனால். போட்டவன் கைக்கு மறந்திருக்காது. மறந்திருந்தால்? மண் நகர மழை பெய்யவில்லை, இப்போதுதானே போட்டது. அவன் எதிர்க்கோடிக்குப் போய்ச் சேர்ந்து சர்தார் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான். "என் கால் வச்ச இடத்துலயே அதோட கால் வரணும், பின்னால இருந்து தள்ளாதே, வாலைத் தொடாதே" என்று தமிழில்தான் சொன்னான், அது சர்தாருக்குப் புரிந்துவிட்டது. திரும்பினான். வலது ஓரம், பிறகு நடுவாக, பிறகு இடது ஓரம், மடக்கில் நாடாவை ஒட்டி. எருமையின் மூச்சு அவன் பிடரியில் சூடாக அடித்தது, சேறும் பாலும் கலந்த வாடை. அது நடுவில் ஒரு தடவை நின்றது. எதற்கு என்று அதற்கே தெரியாது, சும்மா நின்றது. அதன் பின்னங்கால் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி மண் புதுசாக இருந்ததை இருளப்பன் பார்த்தான், சின்னப்பேச்சி கூரையைக் காட்டின விரல் ஞாபகம் வந்தது, ஏன் அது, இந்த நேரத்தில் ஏன் அது. எருமை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முன்னங்காலைத் தூக்கி, சரியாக, அவன் பூட்ஸ் தடத்தின்மேல் வைத்தது. பிறகு நிற்கவே இல்லை. கரைக்கு வந்து சேர்ந்ததும் இருளப்பன் கயிற்றைச் சர்தார் கையில் கொடுத்தான். ஜெபமணி எருமையின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். ஜங்கீர் சிங் அழுதான், தாடிக்குள் கண்ணீர் இறங்குகிறதைத் துடைக்கக்கூட இல்லை. "பாயீ" என்று சொல்லி இருளப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். இருளப்பனும் அழுதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளை, ஒரு மிருகத்தை, அதன் வயிற்றில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பிறந்ததிலிருந்து இவ்வளவு நல்ல வேலை எதுவும் செய்ததில்லை என்று தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னதுகள் இருந்த பெட்டியைத் தூக்கியபோதுதான் பார்த்தான். பஞ்சு மாதிரி மண். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, வலது ஓரம், நடு, இடது ஓரம், மடக்கு என்று ஒன்றுவிடாமல், பிளந்த குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்து கிடந்தது. எந்தப் பெரிசு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை எழுதிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. இருட்டில் ஊர்ந்து வரப்போகிற அந்த ஹவில்தாருக்குக் கம்பிகூடத் தேவையில்லை, விரலால் தடவிக்கொண்டே வந்துவிடலாம். அழிக்க வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. ஜெபமணி அதற்குள் ஒரு கரும்புச் சோகையை ஒடித்துப் பெருக்கத் தயாராகிவிட்டான். "வேண்டாம், விடு" என்றான் இருளப்பன். மனசுக்குள் அவன் அந்தக் கோடியில் இருந்தான், எதிரியாக, வயிற்றால் படுத்து. கைக்கு ஒரு குளம்புத் தடம் அகப்படுகிறது. மிருகம் உயிரோடு போயிருக்கிறது. அப்படியானால் இது வழி. கடவுளே என்று மூச்சு விடுகிறான், கம்பியை இடுப்பில் சொருகிக்கொள்கிறான். அவனைவிட அந்தத் தடத்தை நம்பப்போகிறவன் உலகத்தில் இல்லை. இருளப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போனான். போகும் முன் ஜங்கீர் சிங்கிடம் சத்தமாகச் சொன்னான், "சண்டை முடிஞ்சாலும் இந்தப் பக்கம் ஓட்டிட்டு வராதே. நாங்க வந்து எடுக்கிறவரைக்கும் வராதே." சர்தார் தலையை ஆட்டினான், எருமையின் முதுகைத் தட்டினான். "நான் எதற்கு ஓட்டணும்? இவளே வருவாள் பாயீ. ஒரு தடவை நடந்த வழியை மறக்கமாட்டாள், அவுத்துவிட்டால் போதும்." "கட்டிப்போடு" என்றான் இருளப்பன், "கேட்டுச்சா, கட்டிப்போடு." கன்று போட்டபிறகு கட்டிப்போட்டால் கத்துவாளே என்று சிரித்துக்கொண்டே அவன் எருமையைக் கரைமேல் ஏற்றிக்கொண்டு போனான். இருளப்பன் முட்டிபோட்டான். தடத்தின் அடியில் மண்ணை எடுத்து, சின்னதை இறக்கி, மேலே மெல்லிசாக மண்ணைத் தூவி, இரண்டு கட்டைவிரலாலும் குளம்பின் பிளவைத் திரும்ப வடித்து, பிறகு பக்கத்திலிருந்து விரலை விட்டு, வெடிக்காமல் தடுக்கும் ஊசியை உருவினான். அடுத்தது. எதிர்க்கோடிக்கு நடந்ததில் பதிந்த அவன் பூட்ஸ் தடங்களும் பக்கத்தில் இருந்தன, அவற்றுக்கு அடியிலும் வைத்தான். பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து கரைக்கு வந்து சேர்ந்தபோது புழுதிக்கோடு பாதி வானத்தைப் பிடித்திருந்தது. ஜெபமணி குனிந்து கடைசித் தடத்தை இப்படியும் அப்படியுமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஏயப்பா, அண்ணாச்சி, நிசத் தடம் மாதிரியே இருக்கு, ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்" என்றான். அதைக் கேட்டதும் இருளப்பனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிறகு கரைமேல் பூரி போன பக்கம் திரும்பிப் பார்த்தான்.